உப்பு வண்டி முதல் லாரி வரை: ரோட்டுல வாழ்றவங்க எங்கே குளிச்சாங்க?

1.
வண்டிக்குள்ளேயே கட்டில், அடுப்பு எல்லாம் வச்சுக்கிட்டு ஊர் ஊராகச் சுத்துற வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீங்க. கீழே எல்லாரும் கேக்குற கேள்வி ஒண்ணுதான்: "அதெல்லாம் சரி, குளியல் எங்கே? காலைக்கடன் எங்கே?"

நியாயமான கேள்வி. ஆனா வண்டியில வாழ்றது புதுசு இல்ல. நம்ம தமிழ்நாட்டுல அதுக்கு 2000 வருஷ வரலாறு இருக்கு. பொழுதுபோக்குக்காக இல்ல, பொழப்புக்காக. இந்த இழை அவங்களைப் பத்தி. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2.
முதல்லயே சாராம்சத்தைச் சொல்லிடுறேன்.

சுத்தம்னா அது ஒரு ஆளோட குணம், வளர்ப்புன்னு நாம நினைக்கிறோம். வீட்டுல இருக்கிறவனுக்கு அது ஓரளவு சரி. ரோட்டுல வாழ்றவனுக்கு அப்படி இல்ல. அவனோட சுத்தத்தை எப்பவுமே ரெண்டு விஷயம்தான் தீர்மானிச்சிருக்கு: ரோட்டோரத்துல யார் என்ன கட்டி வச்சாங்க, அதை யாருக்குத் திறந்து விட்டாங்க.

3.
உப்புல இருந்து ஆரம்பிப்போம். தூத்துக்குடி மாவட்டத்துக்காரங்களுக்கு அதுதானே முறை.

சங்க காலத்துல கடற்கரை உப்பை உள்நாட்டுக்கு ஏத்திட்டுப் போனவங்க உமணர்கள். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில அவங்க வண்டிக் கூட்டத்தைப் பத்தி ஒரு வர்ணனை வருது. வண்டி வாசல்ல கோழிக்கூடு. ஓரத்துல சின்ன உரல் தொங்குது. காடி வச்ச பானை கயிறு போட்டுக் கட்டியிருக்கு. கைப்பிள்ளையோட ஒரு அம்மா மாட்டை ஓட்டிட்டுப் போறா.

யோசிச்சுப் பாருங்க. இது சரக்கு வண்டி மட்டும் இல்ல, சக்கரம் வச்ச வீடு.

4.
மேட்டுல ஏறுறப்பவோ பள்ளத்துல இறங்குறப்பவோ அச்சு முறிஞ்சா என்ன செய்றதுன்னு, வண்டிக்கு அடியில கூடுதலா ஒரு அச்சைக் கட்டிட்டுப் போவாங்களாம் உமணர்கள். புறநானூற்றுல ஔவையார் பாட்டுல அந்தத் தகவல் இருக்கு. இன்னைக்கு நம்ம லாரியில ஸ்டெப்னி டயர் இருக்கே, அதே ஏற்பாடு.

உரல், பானை, கோழி, மாற்று அச்சு எல்லாத்தையும் வண்டியில ஏத்திடலாம். ஏத்த முடியாதது ஒண்ணு உண்டு. குளிக்கிற அளவு தண்ணி.

5.
கணக்குப் போடுவோம். ஒரு ஆள் சிக்கனமா குளிச்சாலே 15 லிட்டர், அதாவது 15 கிலோ எடை. நாலு பேர் குடும்பத்துக்கு 60 கிலோ. ஒரு வண்டிமாடு வெயில்ல வேலை செஞ்சா ஒரு நாளைக்கு முப்பது நாப்பது லிட்டர் குடிக்கும். ரெண்டு மாடு. இவ்வளவையும் ஏத்திட்டா உப்புக்கு எங்கே இடம்?

அதனால வண்டி தண்ணியைச் சுமக்காது. தண்ணி இருக்கிற வழியாத்தான் வண்டி போகும். எங்கே நிறுத்தணும், எங்கே குளிக்கணும்ங்கிறதை எல்லாம் குளமும் கிணறும்தான் முடிவு பண்ணுச்சு.

6.
எட்டயபுரம் பக்கம் வந்தா இது இன்னும் சிக்கல். கரிசல் பூமி. மழை குறைவு, பல கிணத்துல தண்ணி உப்புக் கரிக்கும். அதனால இந்தச் சீமை ஊர்கள்ல ஒரு வழக்கம் உண்டு: குடிக்கிறதுக்கு ஊருணி, மத்ததுக்கு கண்மாய். ஊருணியில குடத்தைத்தான் முக்கலாம். குளிக்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது, மாட்டை இறக்கக் கூடாது.

ஒரு டாக்டரா இதைப் பார்த்தா எனக்கு ஆச்சரியமா இருக்கு. ஏன்னு அடுத்ததுல சொல்றேன்.

7.
1884-இல் ராபர்ட் கோக் கல்கத்தாவுல காலரா கிருமியை ஆராய்ச்சி பண்ணினார். நோய் பரவின ஒரு பகுதியில குளத்துத் தண்ணியிலேயே அந்தக் கிருமியைக் கண்டுபிடிச்சார். சுத்தியிருந்த மக்கள் குளிச்சதும், துணி துவைச்சதும், குடிக்க மொண்டதும் அதே குளத்துல.

குளிக்கிற தண்ணி வேற, குடிக்கிற தண்ணி வேறன்னு பிரிச்சாலே வாந்திபேதியைக் குறைக்கலாம். கிருமின்னா என்னன்னு தெரியாமலேயே, தண்ணிப் பஞ்சம் நம்ம ஊர்களுக்கு அந்தப் பாடத்தைச் சொல்லிக் குடுத்திருக்கு.

8.
அடுத்து அறம். அந்தக் காலத்துல 32 அறங்கள்னு ஒரு பட்டியல் சொல்வாங்க. அன்னதானம், தண்ணீர்ப் பந்தல், மடம், குளம், சோலை எல்லாம் வரும். இதெல்லாம் நமக்குத் தெரியும்.

அதே பட்டியல்ல இன்னும் சிலது இருக்கு, பலர் கவனிச்சிருக்க மாட்டாங்க. நாவிதர். வண்ணார். தலைக்கு எண்ணெய். கண்ணாடி. கண் மருந்து. மாடு உடம்பைத் தேய்ச்சுக்க ஒரு கல்தூண்.

அதாவது, முடி வெட்டி விடுறதும், துணி வெளுத்துக் குடுக்கிறதும், தலைக்கு எண்ணெய் குடுக்கிறதும் சோறு போடுறதுக்குச் சமமான தர்மம். மாட்டுக்குக்கூட முதுகு சொறிய வழி பண்ணியிருக்காங்க.

9.
இதைக் கட்டிடமா மாத்தினா அதுதான் சத்திரம்.

17-ஆம் நூற்றாண்டு முடிவுல மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் பேரைச் சொன்னாலே நமக்கு சாலையும் சத்திரமும்தான் ஞாபகம் வரும். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிர்ல மங்கம்மாள் சத்திரம் இன்னைக்கும் இருக்கு. தென்மாவட்டப் பழைய சாலைகள்ல மரம், கிணறு, சுமைதாங்கிக் கல், மண்டபம் எல்லாம் ஒண்ணா சேர்ந்து இருக்கிறதைப் பார்க்கலாம்.

தஞ்சாவூர்ல இரண்டாம் சரபோஜி 1801-இல் ஆங்கிலேய ரெசிடென்ட்டுக்கு எழுதின கடிதத்துல தன் சத்திரங்களைப் பத்தி விவரிக்கிறார். வழிப்போக்கருக்குச் சோறு மட்டும் இல்ல, வைத்தியர், நோயாளிக்கு மருந்து, கர்ப்பிணிக்குப் பிரசவம் வரை கவனிப்பு. ரோட்டோர ஆஸ்பத்திரின்னே சொல்லலாம்.

10.
ஒரு பாரவண்டிக்காரர் சாயங்காலம் இப்படி ஒரு இடத்துக்கு வந்தா என்ன நடக்கும்? நுகத்தடியில இருந்து மாட்டை அவுத்து குளத்துக்கு ஓட்டுவார். மாடு குடிக்கும், மேலைக் கழுவி விடுவார். அப்புறம் இவர் குளிச்சு, வேட்டியைக் கசக்கிக் காயப்போட்டு, வேற கட்டிக்கிட்டு, கஞ்சியைக் குடிச்சிட்டு திண்ணையில படுப்பார்.

புழுதி, வியர்வை, சாணி எல்லாம் உடம்பை விட்டுப் போன பிறகுதான் சாப்பாடும் தூக்கமும். இதுக்கு அவர் தனியா எந்த முயற்சியும் எடுக்கல. வழியில இருந்த ஏற்பாடே அவரை அப்படிச் செய்ய வச்சது.

11.
இங்கேயே நிறுத்தினா இது பழம்பெருமைப் பதிவு ஆகிடும். மறுபக்கத்தையும் சொல்லணும்.

அந்தக் கிணறும் சத்திரமும் எல்லாருக்கும் திறந்திருக்கல.

1901. மராட்டியப் பகுதி. ஒரு பத்து வயசுப் பையன், அண்ணனோடயும் அக்கா பிள்ளைகளோடயும் மசூர் ரயில் நிலையத்துல இறங்குறான். அப்பா வேலை பார்க்கிற கோரேகாவுக்கு மாட்டுவண்டியில போகணும். சாதி தெரிஞ்சதும் எந்த வண்டிக்காரரும் ஏத்தல. ரெட்டைக் கூலி தர்றோம், நாங்களே வண்டியை ஓட்டுறோம்னு சொன்ன பிறகு ஒருத்தர் சம்மதிச்சார்.

12.
கையில சாப்பாடு இருந்துச்சு. தண்ணி இல்ல. வழியில இருந்த குட்டையில மாட்டு மூத்திரமும் சாணியும் கலந்து கிடந்துச்சு. சுங்கச்சாவடியில கேட்டாங்க, அங்கேயும் கிடைக்கல. பசியோட ராத்திரியைக் கழிச்சாங்க.

அந்தப் பையன் பேரு பீமராவ். அண்ணல் அம்பேத்கர். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன் நினைவுக் குறிப்பில் இதை அவரே எழுதியிருக்கார்.

வண்டி அதே வண்டிதான், ரோடும் அதேதான். தண்ணி மட்டும் அதே தண்ணி இல்ல. இப்ப அந்தப் பிள்ளைங்க கை கழுவாம சாப்பிட்டா, அது யார் குத்தம்?

13.
நம்ம அரசியல் சட்டத்தோட 15(2) பிரிவை எடுத்துப் பாருங்க. சாதி, மதம், பால் பார்த்து யாரையும் தடுக்கக் கூடாத இடங்களோட பட்டியல் இருக்கு. கடை, ஓட்டல் மட்டும் இல்ல. கிணறு, குளம், குளிக்கிற படித்துறை, சாலைன்னு தனித்தனியா எழுதியிருக்கு.

ஒரு நாட்டோட அடிப்படைச் சட்டத்துல படித்துறை ஏன் வருதுன்னு கேட்டா, பதில் அந்த மாட்டுவண்டியில இருக்கு. குளிக்கிறது ஒரு உரிமை. அதுக்குப் போராட வேண்டியிருந்துச்சு.

14.
மறுபடியும் நம்ம ஊருக்கு வருவோம். 19-ஆம் நூற்றாண்டுல கரிசல் மண்ணோட பெரிய சரக்கு பருத்தி. 'டின்னவெல்லி' பருத்தின்னு இங்கிலாந்துச் சந்தையிலயே பேரு. 1861-இல் அமெரிக்காவுல உள்நாட்டுப் போர் வந்து அங்கேயிருந்து பஞ்சு வரத்து நின்னதும் இந்தியப் பருத்திக்குக் கிராக்கி கூடுச்சு.

எட்டயபுரத்துல இருந்து தூத்துக்குடி சுமார் 45 கிலோமீட்டர். பாரவண்டி மணிக்கு மூணு நாலு கிலோமீட்டர்தான் போகும். மாடு ஓய்வெடுக்கிற நேரத்தையும் சேர்த்தா ஒரு ராத்திரி, ஒரு பகல் ரோட்டுலதான்.

1876-இல் தூத்துக்குடிக்கு ரயில் வந்துச்சு. அதோட பயணத்தோட உடல்நலக் கணக்கே மாறிப்போச்சு.

15.
எப்படின்னா, காலரா கிருமி உடம்புக்குள்ள போன பிறகு சில மணி நேரத்துல இருந்து அஞ்சு நாளைக்குள்ள நோய் வெளியே தெரியும். மாட்டுவண்டியில போறவனுக்கு ரெண்டு ஊரு தாண்டுறதுக்குள்ளேயே பேதி ஆரம்பிச்சிடும். ரயில்ல போறவன் அதுக்குள்ள பல நூறு மைல் தாண்டிடுவான். நோயும் அவனோட சேர்ந்து டிக்கெட் எடுத்திடும்.

வேகம் கூடுச்சு. ஆனா சத்திரத்துல இருந்த கிணறும் குளமும் ரயில் பெட்டிக்குள்ள வரல.

16.
1853-இல் இந்தியாவுல பயணிகள் ரயில் ஓட ஆரம்பிச்சது. அதுக்கப்புறம் அரை நூற்றாண்டுக்கு மேல சாதாரண மக்கள் போற பெட்டிகள்ல கழிப்பறை கிடையாது. வண்டி நிக்கிற ஸ்டேஷன்ல இறங்கி ஓடணும்.

1909-இல் ஓகில் சந்திர சென் என்ற பயணி ரயில்வேக்கு ஒரு புகார்க் கடிதம் எழுதினார். பலாப்பழம் சாப்பிட்டு வயிறு உப்பி, ஸ்டேஷன்ல இறங்கிப் போயிருக்கார். கார்டு விசில் ஊதிட்டார். ஒரு கையில சொம்பு, மறு கையில வேட்டியோட ஓடி வந்து, எல்லார் முன்னாடியும் பிளாட்பாரத்துல விழுந்துட்டார். கீழ் வகுப்புகளுக்குக் கழிப்பறை வந்ததுக்கு இந்தக் கடிதத்தையே காரணமாச் சொல்வாங்க.

அந்தக் கடிதத்தைப் படிச்சு எல்லாரும் சிரிப்பாங்க. எனக்குச் சிரிப்பு வரல. ஒரு மனுஷன் தன் மானத்தையே விட்டுக்குடுத்து எழுதினதாத்தான் அதைப் பார்க்கிறேன்.

17.
கழிப்பறை வந்தா மட்டும் போதுமா? 1917-இல் காந்தி பம்பாயில இருந்து சென்னைக்கு மூணாம் வகுப்புல வந்தார். வழி முழுக்கப் பெட்டியை ஒரு தடவைகூடப் பெருக்கலன்னும், கழிப்பறையைக் கழுவல, தொட்டியில தண்ணியே இல்லன்னும் எழுதினார். ஏழைங்க அசுத்தமா இருக்கிறாங்கன்னு சொல்ற ரயில்வே, சுத்தமா இருக்க அவங்களுக்கு என்ன குடுத்துச்சுங்கிறதுதான் அங்கே கேள்வி.

18.
அரசாங்கம் பயணியோட சுத்தத்துல ரொம்ப அக்கறை காட்டின இடமும் ஒண்ணு உண்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்த் தொழிலாளர்களுக்கான முகாம்கள். ஒண்ணு மண்டபத்துல, இன்னொண்ணு தூத்துக்குடிப் பக்கம் தட்டப்பாறையில. அம்மை ஊசி, மருத்துவச் சோதனை, துணிகளுக்குக் கிருமிநீக்கம், சில நாள் தனிமை. எல்லாம் முடிஞ்சாத்தான் கப்பல்.

நோய்த்தடுப்புன்னு பார்த்தா இதுல பலன் உண்டு. ஆனா வித்தியாசத்தைக் கவனிங்க. சத்திரம் வழிப்போக்கனுக்காகக் கட்டினது. முகாம் வழிப்போக்கனைப் பார்த்துப் பயந்து கட்டினது. ஒண்ணு தண்ணி குடுத்துச்சு, இன்னொண்ணு அவனையே அழுக்கா பார்த்துச்சு.

அந்தப் பார்வை இன்னும் நம்மகிட்ட இருக்கு. 2020 ஊரடங்குல அரிசியும் மருந்தும் ஏத்திட்டு வந்த லாரிக்காரங்களை எத்தனை ஊர் எப்படிப் பார்த்துச்சுன்னு நினைச்சுப் பாருங்க.

19.
ரயில் கதைக்கு ஒரு பின்குறிப்பு. கழிப்பறை வந்துச்சு, ஆனா கழிவு நேரா தண்டவாளத்துல விழுந்துச்சு. அதை நூறு வருஷமா கூட்டி அள்ளினவங்க மனுஷங்க. பெரும்பாலும் ஒரே சமூகத்து மனுஷங்க. ஒருத்தர் சுத்தமா இறங்கிப் போக, இன்னொருத்தர் அழுக்கைச் சுமந்தார். பயோ டாய்லெட் வந்துதான் இது மாறுச்சு. 2016-இல் கழிவு விழாத முதல் ரயில் தடம்னு அறிவிச்சது நம்ம ராமேஸ்வரம்–மானாமதுரை தடத்தைத்தான்.

ரயில் இன்ஜின்ல டிரைவருக்குக் கழிப்பறை வர ஆரம்பிச்சதும் அதே 2016-லதான். அதுவரைக்கும் ரயிலை ஓட்டினவருக்கு அந்த ரயில்ல போக இடம் இல்ல!

20.
இப்ப லாரிக்கு வருவோம். 1974-இல் தூத்துக்குடி பெரிய துறைமுகமா அறிவிக்கப்பட்டுச்சு. இன்னைக்கு எட்டயபுரம் வழியா போற மதுரை–தூத்துக்குடி நான்குவழிச்சாலையில ராத்திரி பகலா என்ன போகுதுன்னு பாருங்க. கன்டெய்னர், நிலக்கரி, மரத்தடி, காற்றாலை இறக்கை. அப்புறம் தருவைகுளம், வேப்பலோடை, முள்ளக்காடு உப்பு.

ஆமா, அதே உப்புதான். உமணர் வண்டி இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. பத்து நாள், பதினஞ்சு நாள் கேபினுக்குள்ளேயே வாழ்க்கை. தூங்குறது, சமைக்கிறது, சாமி கும்பிடுறது எல்லாம் அதுக்குள்ள.

ஆனா குளம் எங்கே? சத்திரம் எங்கே? பல சத்திரங்கள் கல்யாண மண்டபமாவும் கடையாவும் மாறிடுச்சு. பல ஊருணி தூர்ந்து போச்சு. புது ரோடு ஊருக்கு வெளியே போகுது. வேகமாப் போறதுக்குன்னே போட்ட ரோட்டுல நிறுத்துறதுக்கு இடம் குறைவு.

21.
சட்டம் இல்லையான்னு கேட்பீங்க. இருக்கு. 1961-இல் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்துச்சு. ராத்திரி தங்க வேண்டிய இடத்துல ஓய்வறை தரணும். சீருடை தரணும். அதைத் துவைக்க ஏற்பாடு பண்ணணும், இல்லன்னா சலவைப்படி தரணும். ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை. அந்தப் பழைய 32 அறத்துல இருந்த 'வண்ணார்' இங்கே சட்டமாவே வந்திருக்கு பாருங்க!

ஆனா அஞ்சு பேரோ அதுக்கு மேலயோ தொழிலாளர் இருக்கிற நிறுவனங்களை மனசுல வச்சு எழுதின சட்டம் அது. அஞ்சு பேருக்குக் கம்மின்னா பொருந்தாது. ஒரு லாரி, ரெண்டு லாரி வச்சிருக்கிற ஓனர்கிட்ட ஓட்டுற டிரைவர் அண்ணாச்சி இதுக்கு வெளியேதான் நின்னார். இந்தச் சட்டத்தை இப்ப 2020 தொழிற்சட்டத் தொகுப்புக்குள்ள சேர்த்துட்டாங்க. காகிதத்துல உள்ள ஓய்வறை அவர் வண்டி நிக்கிற இடத்துல வருமாங்கிறதுதான் இன்னமும் கேள்வி.

22.
உடம்பு இதையெல்லாம் எப்படித் தாங்குது? ஒரு பழைய உதாரணம் சொல்றேன்.

இரண்டாம் உலகப்போர்ல அமெரிக்க ராணுவத்துல ஒரு நோய் பெருகுச்சு. பிட்டத்துக்கு மேலே, வால் எலும்புக்கிட்ட சீழ்க்கட்டி. ஜீப்லயும் டிரக்லயும் குலுங்கிக் குலுங்கி நாள் முழுக்க உக்காந்திருந்தவங்களுக்கு வந்ததால 'ஜீப் நோய்'னே பேரு வச்சாங்க. அந்தப் போர்க் காலத்துல ஏறக்குறைய 80,000 வீரர்கள் இதுக்காக ஆஸ்பத்திரியில சேர்ந்தாங்க. மருத்துவப் பேரு பைலோனிடல் சைனஸ். முடி, வியர்வை, உராய்வு, நீண்ட நேரம் உக்காருறது எல்லாம் சேர்ந்து வர்றது.

உலகத்துலேயே வசதியான ராணுவத்துக்கே இந்த நிலைன்னா, நம்ம உப்பு லாரி டிரைவருக்கு?

23.
அரசு ஆஸ்பத்திரி ஓபியில டிரைவர்கள்கிட்ட நான் அடிக்கடி பார்க்கிறது இதுதான். தொடையிடுக்குல படர்தாமரை. மெடிக்கல்ல தானே கேட்டு வாங்கின ஸ்டீராய்டு கலந்த க்ரீமைப் போட்டு அது இன்னும் பரவியிருக்கும். சிரங்கு. மூலம். சிறுநீர்க்கல். நீர்க்கடுப்பு. டீசல்லயே கை கழுவி வெடிச்சுப் போன தோல்.

"தினமும் குளிங்க, சுத்தமா இருங்க"ன்னு சீட்டுல எழுதுறது சுலபம். "எங்க சார் குளிக்க?"ன்னு அவர் திருப்பிக் கேட்டா, அதுக்கு நம்ம மருந்துக் கடையில மருந்து இல்ல. அதனால ரோட்டுல முடியுற விஷயங்களை மட்டும் இங்கே சொல்றேன். டிரைவர் இருக்கிற வீட்டுக்கு இதை அனுப்பி வைங்க.

24.
தண்ணி:
• ரெண்டு கேன் தனித்தனியா வைங்க. ஒண்ணு குடிக்க, ஒண்ணு கழுவ. நிறம் வேறயா இருக்கட்டும். ஊருணி–கண்மாய் கணக்குதான்.
• ஒண்ணுக்குப் போக இடம் இருக்காதுன்னு தண்ணி குடிக்காம இருக்காதீங்க. சிறுநீர்க்கல் அப்படித்தான் வருது. ஒண்ணுக்கு அடர் மஞ்சளா போனா தண்ணி பத்தலன்னு அர்த்தம்.
• வந்தா அடக்காதீங்க. வழியில்லாம பாட்டில்ல போனா அவமானம் இல்ல. அதை ரோட்டுல வீசாம, கழிப்பறை கிடைக்கிற இடத்துல கொட்டுங்க.

25.
உடம்பு:
• குளிக்க முடியாத நாள்ல ஒரு லிட்டர் தண்ணி, ஒரு ஈரத்துண்டு போதும். முகம், கழுத்து, அக்குள், கடைசியா தொடையிடுக்கு, பிட்டம். கால் விரல் இடுக்கை மறக்காதீங்க. இடுப்புக்குக் கீழே துடைக்கிற துணியால முகத்தைத் துடைக்காதீங்க.
• கழுவுறதை விட முக்கியம், ஈரம் இல்லாம உலர்த்துறது. படர்தாமரைக்கு ஈரம்தான் வீடு.
• உள்ளாடை பருத்தியில, தளர்வா, தினம் ஒண்ணு. ராத்திரி கைலிக்கு மாறிடுங்க.
• கிளீனர் துண்டு கிளீனருக்கு, உங்க துண்டு உங்களுக்கு. போர்வையும் அப்படித்தான். கிடைக்கிற நாள்ல துவைச்சு வெயில்ல காயப்போடுங்க.

26.
கை:
• கிரீஸ் போக டீசல் வேண்டாம். தேங்காய் எண்ணெயைத் தேய்ச்சுத் துடைச்சிட்டு சோப்பு போடுங்க.
• சாப்பிடும் முன்னாடியும், மலம் கழிச்ச பிறகும் சோப்பு. அழுக்கும் எண்ணெயும் இருக்கிற கையில சானிடைசர் சரியா வேலை செய்யாது.
• மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது இறங்கி நடங்க.
• வட்டமா அரிப்பு வந்தா, சீழ் கட்டினா, ஒண்ணுக்குல ரத்தம் வந்தா வழியில உள்ள எந்த அரசு ஆஸ்பத்திரிக்கும் போங்க. வெளியூர்க்காரர்னு தயங்க வேண்டாம்.

27.
இது டிரைவருக்கு மட்டும் இல்ல. வேன் பிடிச்சு குடும்பத்தோட திருச்செந்தூருக்கோ பழனிக்கோ போறப்ப, நம்ம வீட்டுப் பெண்கள் என்ன செய்றாங்கன்னு கவனிங்க. காலையில இருந்தே தண்ணி குடிக்க மாட்டாங்க. இறங்கினா சுத்தமான கழிப்பறை இருக்காதுங்கிற பயம். ஊர் திரும்பினதும் நீர்க்கடுப்பு, காய்ச்சல். ரோட்டுல வசதி இல்லாததோட விலையை முதல்ல குடுக்கிறது அவங்கதான்.

28.
மாற்றமே இல்லைன்னும் சொல்ல முடியாது. எண்ணெய் நிறுவனங்கள் நெடுஞ்சாலை பங்க் சிலதுல 'அப்னா கர்' என்ற பேருல டிரைவர்களுக்குப் படுக்கை, குளியலறை, கழிப்பறை வச்சிருக்காங்க. 2025-ல இருந்து புதுசா தயாரிக்கிற நடுத்தர, கனரக லாரிகளுக்கு கேபின் ஏசி கட்டாயம். வியர்வை குறைஞ்சா தோல் நோயும் குறையும்.

அமெரிக்காவுல பெரிய லாரி நிறுத்தங்கள்ல குறிப்பிட்ட அளவு டீசல் போட்டா குளியல் இலவசம். அது தர்மம் இல்ல, வியாபாரம். வியாபாரமா இருந்தாலும் பரவாயில்ல, தண்ணி வந்தா சரி.

29.
நீங்க என்ன செய்யலாம்? பங்க் வச்சிருந்தா, கழிப்பறையைப் பூட்டி சாவியை உள்ளே வைக்காதீங்க. லாரி ஓனரா இருந்தா, படிக்காசோட குளியல் காசும் சேர்த்துக் குடுங்க. குடோன், உப்பளம், மில் நடத்துறவங்களா இருந்தா, லோடு இறக்க பத்து மணி நேரம் காத்திருக்கிற ஆளுக்கு ஒரு குழாயும் ஒரு கதவும் போட்டுக் குடுங்க. ஊராட்சியில இருந்தா, ரோட்டோர ஊருணியைத் தூர் வாருங்க. அதைக் கழுவுற தொழிலாளிக்கு கையுறையும் ஒழுங்கான சம்பளமும் குடுக்க மறக்காதீங்க.

இதெல்லாம் பழைய பட்டியல்ல இருந்த அறங்கள்தான். இந்தத் தடவை யாரையும் வெளியே நிறுத்தாம செய்யணும், அவ்வளவுதான்.

30.
அடுத்த முறை டீக்கடையில அழுக்குச் சட்டையோட ஒரு லாரி டிரைவர் உங்க பக்கத்துல உக்காந்தா, மூக்கைச் சுளிக்கிறதுக்கு முன்னாடி அவர் கடைசியா கடந்து வந்த முந்நூறு கிலோமீட்டர்ல குளிக்க எத்தனை இடம் இருந்துச்சுன்னு ஒரு நிமிஷம் யோசிங்க. நீங்க அந்த டீக்கு அப்புறம் சாப்பிடப் போற சாம்பார்ல இருக்கிற உப்பு அவர் வண்டியில வந்ததா இருக்கலாம்.

உங்க ஊர் பக்கம் பழைய சத்திரம், ஊருணி, சுமைதாங்கி இருந்தா போட்டோவும் ஊர்ப் பேரும் கீழே போடுங்க. எது இன்னும் உயிரோட இருக்குன்னு பார்ப்போம்.